விஜயா மருந்தும் வீட்டில் ஒரு குழந்தையும்

ரயில்வே அனுபவங்களை எழுதித் தரும்படி நம் ஆசிரியர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சிக்னல் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தவனிடம் சொல்வதற்குக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த முறை பேனாவை எடுத்து உட்கார்ந்தபோது வீட்டு விஷயம் ஒன்று முந்திக்கொண்டது. அதையே எழுதுகிறேன். ரயில்வே கடைசியில் தானாக வந்து சேரும்.

இது என் மருமகளைப் பற்றியது. அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "எழுதுங்கள் மாமா, என்னைப்போல இன்னும் எத்தனை பேர் மறைத்து வைத்துக்கொண்டு தவிக்கிறார்களோ" என்றாள். பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

அவளுக்கு வயது 34. என் பேத்திக்கு நான்கு வயது. பேத்தி பிறந்த மறு வருடம் மருமகளுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கியது. பிறகு இடது கால் மரத்தது. பல பரிசோதனைகளுக்குப் பிறகு, இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று நரம்பியல் டாக்டர் சொன்னார். கேபிள் வேலை செய்தவனுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்புகளுக்கு மேலே மையலின் என்று ஓர் உறை உண்டு. கம்பிக்கு மேலே இருக்கும் இன்சுலேஷன் மாதிரி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி திசை தவறி அந்த உறையையே அரித்துவிடுகிறது. உறை போன இடத்தில் செய்தி தடுமாறுகிறது. நோய் மேலும் பரவாமல் தடுக்க மருந்துகள் இருக்கின்றன, அவள் அதை எடுத்துக்கொள்கிறாள். ஆனால் ஏற்கனவே சேதமான நரம்பு தரும் தொல்லை போவதில்லை. அவளுக்கு அது தசை இறுக்கம். இரவில் கால் கட்டையாக விறைத்து இழுக்கும். ஐந்தாறு முறை எழுந்து உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். இதற்காகக் கொடுத்த பேக்ளோஃபென், டிசானிடின் மாத்திரைகள் ஓரளவுதான் கேட்டன. அளவைக் கூட்டினால் பகலெல்லாம் தள்ளாட்டம். நான்கு வயதுக் குழந்தையின் பின்னால் ஓட வேண்டிய தாய் அப்படி இருக்க முடியுமா?

பேத்தி கொண்டுவந்த பாட்டில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேத்தி ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "தாத்தா, இது என்ன எண்ணெய்?" என்றாள். அம்மாவின் புடவை அலமாரியில், புடவைகளுக்கு அடியில் கிடந்ததாம். மூடியின் சீல் உடையவில்லை. லேபிளைப் படித்தேன். விஜயா என்று போட்டிருந்தது. மருத்துவரின் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது.

வட இந்தியாவில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு விஜயா என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். நான் போட்ட சத்தம் பக்கத்து ஃபிளாட் வரை கேட்டிருக்கும். "பிள்ளை வளர்க்கிற வீட்டில் கஞ்சாவா?" என்று கத்தினேன். மகன் ஓடிவந்து, பதிவு பெற்ற ஆயுர்வேத வைத்தியர் சீட்டு எழுதிக் கொடுத்த மருந்து என்றும், இரண்டு வாரமாக வீட்டில் இருக்கிறது என்றும், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றும் சொன்னான். "உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை அப்பா" என்றான்.

மருமகள் ஒன்றும் பேசவில்லை. இடது காலை இழுத்துக்கொண்டு வந்து குழந்தையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். சிறிது நேரம் கழித்துத்தான் சொன்னாள். "இவளை என்னிடமிருந்து தள்ளி வைத்துவிடுவீர்களோ என்று பயந்துதான் மறைத்தேன் மாமா."

அந்த ஒரு வாக்கியம் என்னை உட்கார வைத்துவிட்டது. மறுநாள் முதல் இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கினேன். டாக்டர்களைச் சென்று பார்த்தோம். அதில் தெரிந்துகொண்டதை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நம்பி இங்கே தருகிறேன். நான் டிப்ளமா படித்த இன்ஜினியர், வைத்தியன் அல்ல. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

ஒரே செடி, பல பெயர்கள்

செடி ஒன்றுதான். அதன் பிசின் சரஸ். பூத்த, காய்த்த நுனி கஞ்சா. இலை பாங். ஆயுர்வேதத்தில் விஜயா என்பார்கள், நம் சித்த மருத்துவத்தில் கோரக்கர் மூலி என்பார்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் சரஸையும் கஞ்சாவையும் தடை செய்கிறது. மருத்துவம், அறிவியல் ஆகிய காரியங்களுக்காக அரசு விதிகளின்படி அனுமதி பெற்றால் மட்டும் விலக்கு உண்டு. நுனியோடு சேராத தனி இலையும் விதையும் அந்தச் சட்டத்தின் கஞ்சா என்ற விளக்கத்துக்குள் வரவில்லை. அவை மாநில அரசுகளின் சட்டத்துக்கு உட்பட்டவை. அதனால்தான் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற பாங் கடைகளைப் பார்க்கிறோம். ஹோலியன்று நம் லக்னோவில் தண்டாயில் பாங் கலந்து கொடுப்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் இந்தச் செடி புதிதல்ல. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் ஈ-1 என்றொரு அட்டவணை இருக்கிறது. நச்சுத்தன்மை உள்ள மூலப்பொருட்களின் பட்டியல் அது. எட்டி, ஊமத்தை, சேராங்கொட்டை இவற்றோடு கஞ்சாவும் அதில் இருக்கிறது. இந்தப் பட்டியலில் உள்ள பொருள் சேர்ந்த மருந்தின் மேல் நான் பாட்டிலில் பார்த்த அந்த எச்சரிக்கை வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும். மூலிகைதானே, பக்க விளைவு இருக்காது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அரசாங்க விதியே இதை நஞ்சுப் பட்டியலில் வைத்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

கடைகளில் விதை எண்ணெய் என்று ஒன்று கிடைக்கிறது. விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க 2021-இல் மத்திய உணவுத் தர ஆணையம் அனுமதி கொடுத்தது. அது சமையலுக்கு, மருந்துக்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தந்திக் கம்பி இழுத்த டாக்டர்

படித்துக்கொண்டே போனபோது எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. இந்தச் செடியை மேல்நாட்டு மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தியவர் வில்லியம் ப்ரூக் ஓ ஷானஸி என்ற ஐரிஷ் டாக்டர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். முதலில் மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு வாத நோய், காலரா, டெட்டனஸ் நோயாளிகளுக்கும், வலிப்பு கண்ட ஒரு பச்சிளங்குழந்தைக்கும் கொடுத்து, கண்டதை 1839-இல் கட்டுரையாக வெளியிட்டார். டெட்டனஸில் வரும் கொடிய தசை இறுக்கத்தை இது தளர்த்துகிறது என்று குறித்து வைத்தார்.

அதே 1839-இல் அதே மனிதர் கல்கத்தாவில் சோதனைக்காகத் தந்திக் கம்பியும் இழுத்திருக்கிறார்! பிறகு டல்ஹௌசி அவரையே இந்தியத் தந்தித் துறைக்குத் தலைவராக்கினார். 1855-க்குள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை நகரங்கள் தந்தியால் இணைந்துவிட்டன. ரயில்வே சிக்னல்காரன் சோறு தின்றதே தந்திக் கம்பியால்தான். எங்கள் துறையின் பாட்டனார் என்று சொல்லத்தக்கவர்தான் என் மருமகள் பாட்டிலுக்கும் பாட்டனார் என்று தெரிந்தபோது கொஞ்சம் கோபம் தணிந்தது என்று சொன்னால் சிரிக்கக் கூடாது.

பிற்பாடு 1893-இல் ஆங்கில அரசு ஒரு கமிஷன் அமைத்தது. 1,193 சாட்சிகளை விசாரித்து 1894-இல் அது அறிக்கை கொடுத்தது. மிதமாகப் பயன்படுத்துவோருக்குப் பெரிய கேடு இல்லை, அளவு மீறினால் கேடு, முழுத் தடை தேவையில்லை என்பது அதன் முடிவு. ஆனால் மேல்நாட்டு வைத்தியத்தில் இந்த மருந்து நிலைக்கவில்லை. ஒரு பாட்டிலுக்கும் இன்னொரு பாட்டிலுக்கும் வீரியம் மாறிக்கொண்டே இருந்ததும், அளவு நிச்சயமான வேறு மருந்துகள் வந்ததும் முக்கியக் காரணங்கள். 1942-இல் அமெரிக்க மருந்துப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். கேலிபரேஷன் இல்லாத மீட்டரை எந்த இன்ஜினியர் நம்புவான்? கடையில் விற்கும் பாங் உருண்டையை மருந்தாக நினைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். உருண்டைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

இந்தச் செடியில் பல பொருட்கள் இருந்தாலும் இரண்டு முக்கியம். டி.எச்.சி. என்பது மயக்கமும் போதையும் தருவது. சி.பி.டி. என்பது போதை தராதது. இரண்டுக்கும் குணம் வேறு. சி.பி.டி.-யைச் சுத்தமாகப் பிரித்தெடுத்துத் தயாரித்த மருந்தை, குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்காக 2018-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அங்கீகரித்தது. கீமோதெரபியால் வரும் வாந்திக்கு, ஆய்வுக்கூடத்தில் தயாரித்த டி.எச்.சி. மருந்து 1985 முதலே அங்கே இருக்கிறது. எங்களுக்கு வேண்டிய தசை இறுக்கத்துக்கு, இரண்டும் கலந்த வாய் ஸ்பிரே ஒன்றுக்கு இங்கிலாந்து 2010-இல் உரிமம் கொடுத்தது. மற்ற மருந்துகள் பலிக்காதபோது நான்கு வாரம் அதைக் கொடுத்துப் பார்த்து, குணம் தெரிந்தால் மட்டும் தொடரலாம் என்று அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டிக் குழு 2019-இல் சொன்னது. அதே குழு, பொதுவான நாள்பட்ட வலிக்கு டி.எச்.சி. கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. வலி பற்றி ஆராயும் சர்வதேச மருத்துவர் சங்கமும் 2021-இல், வலிக்காக இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிவித்தது.

ஆக, எல்லா நோய்க்கும் மருந்து என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எதற்குமே உதவாத போதை என்று சொன்னாலும் அது சரியல்ல. எந்த நோய்க்கு, எந்த அளவில், எத்தனை நாளைக்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்பவரே வைத்தியர்.

நரம்பியல் டாக்டரிடம் பாட்டிலையும் சீட்டையும் காட்டினோம். அவர் திட்டவில்லை. உங்கள் மருமகளுக்குள்ள தொந்தரவு, ஓரளவு ஆதாரம் இருக்கிற சில தொந்தரவுகளில் ஒன்று என்றார். ஆனால் பாட்டிலில் இருப்பது வெளிநாட்டு ஆய்வுகளில் பயன்பட்ட அதே தயாரிப்பு அல்ல, அதனால் குறைந்த அளவில் தொடங்கிப் பார்க்கத்தான் வேண்டும் என்றார். பிறகு கேள்விகளாகக் கேட்டார். இன்னொரு குழந்தைக்கு யோசனை இருக்கிறதா? டி.எச்.சி. நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும், தாய்ப்பாலிலும் வரும், கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொடவே கூடாது. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா? இருதயக் கோளாறு உண்டா? வேறு என்னென்ன மாத்திரைகள்? இறுக்கத்துக்கான மாத்திரையோடு சேர்ந்தால் தூக்கமும் தலைச்சுற்றலும் இரட்டிப்பாகும், விழுந்து எலும்பு முறியலாம். சி.பி.டி. கல்லீரலில் வேறு சில மருந்துகள் கரைவதைத் தடுக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும், வலிப்புக்கு வால்ப்ரோயேட், குளோபசாம் சாப்பிடுபவர்களும் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதனால்தான் ஆயுர்வேத வைத்தியரிடம் ஆங்கில மருந்தையும், ஆங்கில டாக்டரிடம் ஆயுர்வேத மருந்தையும் மறைக்கக் கூடாது.

குழந்தை உள்ள வீட்டில் என்ன ஆபத்து?

பிறகு குழந்தைகள் டாக்டரிடம் போனோம். அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. அமெரிக்காவில் கஞ்சா கலந்த மிட்டாய், கேக் வகைகளைத் தெரியாமல் தின்றுவிட்ட 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி நச்சு உதவி மையங்களுக்கு 2017-இல் வந்த தகவல்கள் 207. 2021-இல் அது 3,054 ஆகிவிட்டது. ஏறக்குறைய எல்லாமே வீட்டுக்குள் நடந்தவை.

வாய்வழி உட்கொண்டால் இந்த மருந்து வேலை செய்ய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும், பல மணி நேரம் நீடிக்கும். அதனால் குழந்தை விழுங்கியது உடனே தெரியாது. பிறகு அளவுக்கு மீறித் தூங்கும், நடை தள்ளாடும், வாந்தி எடுக்கும். சிறு குழந்தைக்கு மூச்சு மந்தமாகி நினைவு தப்பும் அளவுக்கும் போகலாம். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, உண்மையைச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால், மூளைக் காய்ச்சலோ என்று டாக்டர்கள் ஸ்கேன் எடுத்து, முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துத் தேட வேண்டிவரும். நேரம் வீணாகும், குழந்தைக்கும் வேதனை. டில்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையம் 24 மணி நேரமும் ஆலோசனை சொல்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். சர்க்கரைக்கு கிளிமெபிரைடு, சாப்பாட்டு மேஜையில் பிளாஸ்டிக் டப்பாவில் என்றேன். "அதில் ஒரே ஒரு மாத்திரையைச் சிறு குழந்தை விழுங்கினால் ரத்தச் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து" என்றார்.

நான் தலை குனிந்தேன். சீல் உடையாத பாட்டிலுக்காக வீட்டை இரண்டாக்கியவன், பேத்தியின் பால் டம்ளருக்குப் பக்கத்தில் அதைவிட ஆபத்தான டப்பாவை நான்கு வருடமாகத் திறந்து வைத்திருக்கிறேன். என் மாத்திரையை யாரும் தப்பாகப் பேசுவதில்லை, அதனால் அது மேஜையில் இருந்தது. அவள் மருந்தை ஊர் தப்பாகப் பேசும், அதனால் அது புடவைக்கு அடியில் இருந்தது. இரண்டுமே குழந்தையின் கைக்கு எட்டும் இடம்தான்.

டிஸ்கனெக்ஷன் மெமோ

இனி ரயில்வேக்கு வருகிறேன். ஒரு பாயிண்ட்டையோ சிக்னலையோ பழுது பார்க்க வேண்டுமானால், சிக்னல்காரன் நேராகப் போய்க் கம்பியைக் கழற்றிவிட முடியாது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்ஷன் மெமோ கொடுக்க வேண்டும். இன்ன கருவி, இன்ன நேரத்திலிருந்து வேலை செய்யாது என்று எழுதி, அவர் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட பிறகுதான் கை வைக்கலாம். வேலை முடிந்து சோதித்துப் பார்த்த பின் ரீகனெக்ஷன் மெமோ. கருவியைக் கழற்றுவது யாருக்கும் வெட்கம் இல்லை, அது பராமரிப்பு. மெமோ இல்லாமல் கழற்றுவதுதான் குற்றம். அதில்தான் வண்டிகள் மோதுகின்றன.

வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து இதைத்தான் சொன்னேன். மருமகள் இரவு மருந்து சாப்பிட்டால், அந்தச் சில மணி நேரம் குழந்தையின் பொறுப்பிலிருந்து அவளை நாம் கழற்றி வைக்கிறோம். அவள் தாய் இல்லை என்று ஆகிவிடாது. பொறுப்பை இன்னொருவர் வாய்விட்டு ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்க மாத்திரை சாப்பிடும் தாய்க்கும், இரவில் ஒரு பெக் போடும் தகப்பனுக்கும் இதே விதி பொருந்தும்.

பேசி முடிவு செய்த விதிகள் இவை:

முதலாவது, குழந்தை தூங்கிய பிறகு இரவு 9 மணிக்குத்தான் மருந்து. காலை 7 மணி வரை குழந்தை எழுந்தால் மகன் பார்த்துக்கொள்வான். அவன் டூர் போனால் என் மனைவி அந்த அறையில் படுப்பாள். இருவரும் இல்லாத இரவில் மருந்து இல்லை. சிக்னல் பழுதானால் தானாகச் சிவப்பு காட்டும் என்பது எங்கள் அடிப்படை விதி. சந்தேகம் வந்தால் மருந்தை விடு என்பது வீட்டு விதி.

இரண்டாவது, பூட்டு. ரிலே ரூமுக்கு இரட்டைப் பூட்டு இருக்கும். ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், இன்னொன்று சிக்னல்காரனிடம். ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. வீட்டில் அவ்வளவு வேண்டாம் என்று மருமகள் சிரித்தாள். பீரோவின் மேல் லாக்கரில் அவள் மருந்து, என் மாத்திரை, என் மனைவியின் பிரஷர் மாத்திரை எல்லாம் ஒன்றாகப் போயின. தொடர்ந்து அளவு மாறாமல் சாப்பிட வேண்டிய மருந்துகள் ஆனதால், யார் எடுத்தாலும் நோட்டில் குறிக்க வேண்டும்.

மூன்றாவது, மருந்து அதன் பாட்டிலிலேயே இருக்க வேண்டும். பாலிலோ லட்டுவிலோ கலக்கக் கூடாது. குழந்தையிடம் மிட்டாய் என்றோ தேன் என்றோ சொல்லக் கூடாது. "அம்மா மருந்து, அம்மாவுக்கு மட்டும்" என்று உள்ளதைச் சொன்னோம். அவளும் புரிந்துகொண்டாள். புகைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

நான்காவது, தலை லேசாகச் சுற்றினாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கக் கூடாது, ஸ்கூட்டர் எடுக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு மதுவுக்கு மட்டுமல்ல, நிதானம் தவறச் செய்யும் போதைப்பொருளுக்கும் பொருந்தும்.

ஐந்தாவது, யாருக்கும் பங்கு கிடையாது. என் முழங்கால் வலிக்கு இரண்டு சொட்டு கேட்கலாமா என்று எனக்கே ஒரு நாள் ஆசை வந்தது. சீட்டு அவள் பெயரில் இருக்கிறது என்று என் மனைவி வாயை அடைத்துவிட்டாள்.

மயிலாடுதுறையில் இருக்கும் சம்பந்தி அம்மாளுக்கும் நானே போன் போட்டுச் சொன்னேன். அவர் முதலில் அழுதார். பிறகு, "ராத்திரி குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டார். சரியான கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தான்.

நான்கு வாரம்

நோட்டில் தினமும் எழுதினோம். எத்தனை சொட்டு, எத்தனை முறை கால் இழுத்தது, காலையில் எப்படி இருந்தாள் என்று. முதல் வாரம் மாற்றமே இல்லை. இரண்டாவது வாரம் வைத்தியர் சொன்னபடி இரண்டு சொட்டு கூட்டியபோது காலையில் தலை சுற்றியது. அவரிடம் கேட்டுப் பழைய அளவுக்குச் சற்று மேலே நிறுத்தினோம். நான்காவது வாரக் கணக்கில், இரவில் ஐந்தாறு முறை எழுந்தவள் இரண்டு அல்லது மூன்று முறைதான் எழுந்திருக்கிறாள். பகலில் காலின் விறைப்பு அப்படியே இருக்கிறது. மரத்த இடம் மரத்தபடியே இருக்கிறது. நோய் போகவில்லை, போகாது. தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கிய தாய் காலையில் குழந்தைக்குத் தலை வாரும்போது அதட்டுவதில்லை என்பது மட்டும் நோட்டில் எழுத இடமில்லாத மாற்றம். நரம்பியல் டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, தொடரலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி முடிவு செய்வோம் என்றார். பலன் குறைந்தால் நிறுத்திவிடுவது என்று நாங்களும் முடிவு செய்திருக்கிறோம்.

ஊருக்குப் போகும்போது

நம்மைப் போல வெளிமாநிலத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இங்கே வழக்கமானது நம் ஊரில் குற்றமாகலாம். நாங்கள் பத்து நாள் ஊருக்குப் போனபோது, டாக்டரிடமும் வைத்தியரிடமும் கேட்டுக்கொண்டு, மருந்தை இங்கேயே பூட்டி வைத்துவிட்டுப் போனோம். உள்ளூரில்கூட உரிமம் பெற்ற தயாரிப்பை, சீட்டின் பேரில், பில் வாங்கித்தான் வாங்க வேண்டும். சீட்டு, பில், பாட்டில் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ மகன் மகளைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த மருந்தை எடுத்துச் செல்ல நினைக்கவே கூடாது. நம் வைத்தியர் சீட்டு அங்கே செல்லாது, தண்டனை மிகக் கடுமை.

இப்போதெல்லாம் காலை 7 மணிக்கு மருமகள் அறையை விட்டு வந்து, நின்று பார்த்து, தலை தெளிவாக இருந்தால் "ரீகனெக்ஷன், மாமா" என்பாள். பேத்தி என் மடியிலிருந்து இறங்கி அவளிடம் ஓடுவாள். சில நாள் அவள், "இன்னும் அரை மணி போகட்டும்" என்பாள். அப்படிச் சொல்லும் நாட்களில்தான் எனக்கு அவள்மேல் மதிப்பு அதிகமாகிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் விஜயா இல்லாமல் இருக்கலாம். இந்த இதழை மூடி வைத்ததும் எழுந்து போய் உங்கள் சாப்பாட்டு மேஜையைப் பாருங்கள். அங்கே ஒரு மாத்திரை டப்பா இருந்தால், அதை இன்றைக்கே எடுத்துப் பூட்டுங்கள்.